சமையலறையை இழுத்துக் கட்டலாமா? செலவில் இறங்கும் முன் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தனி வீட்டில் பத்துப் பதினைந்து வருடம் குடியிருந்தால் ஒருநாள் இந்தப் பேச்சு வந்துவிடும். "கிச்சன் பத்தவே மாட்டேங்குது. பின்னாடி கொஞ்சம் இழுத்துக் கட்டிடலாமா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்து கொல்லைப்புறத்தைக் காலால் அளந்து, "ஒன்றரை லட்சம் ஆகும் சார், ஒரு மாசத்துல முடிச்சுரலாம்" என்பார். பல வீடுகளில் முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. தொகையும் சரி, காலமும் சரி, இரண்டும் அப்படி முடிவதில்லை.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையில் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கானது. குறிப்பாக 1980, 90களில் கட்டிய வீடுகள். ஹாலைப் பெரிதாகப் போட்டு, சமையலறைக்கு மிச்சம் மீதி இடத்தை ஒதுக்கிய காலம் அது. அப்போது ஃப்ரிட்ஜ் எல்லா வீட்டிலும் இல்லை. மைக்ரோவேவ், தண்ணீர் சுத்திகரிப்பான், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. இன்று இவை எல்லாம் அதே ஏழுக்குப் பத்து அறைக்குள் நிற்கின்றன. ஆகவே புகார் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து இழுத்துக் கட்டுவதுதானா என்பது வேறு கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலறைக்கு அகலம் போதவில்லை, கட்டினால் அந்த அகலம் கிடைக்கும், சமைப்பவர் இன்னும் பத்து வருடமாவது அங்கே சமைப்பார்: இந்த மூன்றும் சேர்ந்தால் செலவு தகும். ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசிக்க வேண்டும். வீட்டின் விலை கூடும் என்ற எண்ணத்தில் மட்டும் செய்யவே வேண்டாம்.

முதலில் குறை எது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வாரம் போதும். அடுப்பு மேடைக்கு மேல் ஒரு தாளை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். சமைப்பவர் எரிச்சல்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதட்டும். "குக்கரை இறக்கி வைக்க இடமில்லை." "ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் யாரும் தாண்ட முடியவில்லை." "கிரைண்டரைத் தூக்கி வெளியே வைத்து அரைக்க வேண்டியிருக்கிறது." "தாளிக்கும்போது புகை ஹாலுக்குப் போகிறது." எழுதுபவர் சமைப்பவராகவே இருக்க வேண்டும். பணம் போடுபவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர் என்றால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். சமைக்காதவர் எடுக்கும் முடிவில் சமையலறை அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது.

வாரக் கடைசியில் அந்த வரிகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: வைக்க இடமில்லாதவை, நிற்க இடமில்லாதவை, காற்றும் வெளிச்சமும் இல்லாதவை. வைக்க இடமில்லை என்பதை அலமாரி தீர்த்துவிடும். காற்று இல்லை என்பதை ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ தீர்க்கும். நிற்க இடமில்லை என்ற குறைக்குத்தான் சுவரை நகர்த்த வேண்டியிருக்கும்.

அப்புறம் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 54 சதுர அடிக்குக் குறையக் கூடாது, அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவதானால் 7.5 சதுர மீட்டர், அதாவது 81 சதுர அடி, அகலம் 2.1 மீட்டர். ஏழுக்குப் பத்து சமையலறை 70 சதுர அடி. விதிப்படி பார்த்தால் அது சின்ன அறை இல்லை. ஆனால் 1.8 மீட்டர் என்பது ஆறடிதான். அதில் இரண்டடி மேடைக்குப் போனால் நிற்க நான்கடி மிஞ்சும். எதிர்ச் சுவரில் ஒரு ஃப்ரிட்ஜும் நின்றுவிட்டால் இரண்டு பேர் முதுகு உரசாமல் தாண்ட முடியாது. விதி சொல்வது குறைந்தபட்சம் மட்டுமே.

இன்னும் ஒரே ஒரு அளவு பாருங்கள். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் மேடையில் எத்தனை அடி காலியாக இருக்கிறது? காய் நறுக்குவது, மாவு பிசைவது, வடித்த சோற்றை இறக்குவது எல்லாம் அந்த இடத்தில்தான். மூன்றடியாவது வேண்டும். பல வீடுகளில் அந்த இடத்தை மிக்சி, தண்ணீர்க் குடம், பாத்திரக் கூடை மூன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எந்தச் சுவர் கொல்லையைப் பார்க்கிறது?

முழு முடிவும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடும். ஆனாலும் எஸ்டிமேட் போடும்போது இதை யாரும் கேட்பதில்லை.

சமையலறை ஏழடி அகலம், பத்தடி நீளம் என்று வையுங்கள். கொல்லைப்பக்கம் இருப்பது ஏழடிச் சுவர் என்றால், ஆறடி இழுத்துக் கட்டினாலும் கிடைப்பது ஏழுக்குப் பதினாறு. அகலம் அப்படியே இருக்கிறது. மேடை நீளும், அலமாரி கூடும், ஆனால் நிற்கும் இடத்தில் நெருக்கடி முன்பு போலவே இருக்கும். கூடவே தொட்டி ஒரு கோடியிலும் அடுப்பு மறு கோடியிலும் போய் நடை கூடும். நடுவில் உள்ள பழைய பகுதி வெளிச்சம் இல்லாத நடைபாதையாகிவிடும்.

கொல்லையைப் பார்ப்பது பத்தடிச் சுவர் என்றால் நிலைமை வேறு. ஆறடி வெளியே தள்ளினால் பத்துக்குப் பதின்மூன்று. இரண்டு பக்கமும் மேடை போட்டு நடுவில் இரண்டு பேர் தாராளமாக வேலை செய்யலாம். வயதானவர் உட்கார ஒரு நாற்காலியும் போடலாம். முதலாவதில் 42 சதுர அடி சேர்கிறது, இரண்டாவதில் 60. பயனில் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

குட்டைச் சுவர்தான் கொல்லையைப் பார்க்கிறது என்றால், என் யோசனை, சமையலறையை இழுக்காதீர்கள். பின்னால் துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க, கிரைண்டர் வைக்கத் தனியாக ஒரு ஒர்க் ஏரியா போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் இருந்து அந்தச் சாமான்கள் வெளியே போனாலே உள்ளே இடம் பிறக்கும்.

கடப்பாரை இல்லாமல் தீருமா என்று பாருங்கள்

குறைந்தது ஒரு மாதம் இதற்குக் கொடுங்கள். ஃப்ரிட்ஜை ஹாலுக்கோ சாப்பாட்டு இடத்துக்கோ மாற்றுங்கள். தினம் எடுக்காத இட்லிக் கொப்பரை, பண்டிகைக்கு எடுக்கும் அண்டா, மூன்றாவது குக்கர் இவற்றைப் பரணில் ஏற்றுங்கள். மேடைக்கு அடியில் கதவு வைத்த ஆழமான அலமாரி இருந்தால், பின்வரிசைப் பாத்திரம் கைக்கு வரவே வராது. அதை இழுப்பறையாக மாற்றினால் அதே இடத்தில் சாமான் தாராளமாக அடங்கும். மேடை ஒரு சுவரோடு நின்றிருந்தால், ஃப்ரிட்ஜ் போன இடத்தில் ஒரு கை நீட்டி எல் வடிவமாக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது ஒருநாள் வேலை.

மேடை உயரத்தையும் கவனியுங்கள். சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. குள்ளமானவர் 34 அங்குல மேடையில் பெரிய வாணலியைக் கிளறும்போது கை எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "இடம் பத்தலை" என்று சொல்லப்படும் அலுப்பில் ஒரு பகுதி இந்த உயரத்தால் வருவது.

இவ்வளவும் செய்தபின் மறுபடி அந்தத் தாளை ஒட்டுங்கள். வரிகள் பாதியாகிவிட்டால் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். "நிற்க இடமில்லை" என்ற வரிகள் அப்படியே இருந்தால் மேலே படியுங்கள்.

தரையில் கோடு போட்டுப் பாருங்கள்

சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போங்கள். புதுச் சுவரின் வெளி விளிம்பில் கோடு போடுங்கள், அதற்குள் முக்கால் அடி தள்ளி இன்னொரு கோடு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்த இடம் போய்விடும். அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் வரும் இடங்களில் அட்டைப் பெட்டிகளை வையுங்கள். சமைப்பவரை நடுவில் நின்று, குக்கரைத் தொட்டியிலிருந்து அடுப்புக்குக் கொண்டுபோவது போல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தாளில் ஆறடி என்று பார்ப்பதற்கும் அங்கே நிற்பதற்கும் நிறைய வித்தியாசம். பல பேர் இந்த இடத்திலேயே "இன்னும் ஒரு அடி வேணும்" என்றோ, "இவ்வளவு தேவையே இல்லை" என்றோ சொல்லிவிடுவார்கள். சுவர் எழும்பியபின் தெரிவதைவிட இப்போது தெரிவது எவ்வளவோ மேல்.

அந்தக் கோட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். நம் வீடுகளில் கொல்லைப்புறம் வெறும் இடம் இல்லை. செப்டிக் டேங்க், சம்ப், போர், கழிவுநீர்ச் சேம்பர், மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

செப்டிக் டேங்க் மேல் சமையலறை கட்டக் கூடாது. சுத்தம் செய்ய மூடியைத் திறந்தாக வேண்டும், வாயு வெளியேற குழாய் வேண்டும். இரண்டையும் அடைத்துவிட்டு அதன் மேல் அடுப்பு எரிப்பது ஆபத்து. போர் உள்ளே மாட்டிக்கொண்டால் இன்னொரு சிக்கல்: மோட்டார் பழுதானால் இருபது அடி நீளக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும், மேலே கான்கிரீட் கூரை இருந்தால் எப்படி இழுப்பது? மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அந்தக் குழியை மூடினால் வேறு இடத்தில் அமைத்தாக வேண்டும். இவற்றில் ஒன்றை நகர்த்த வேண்டும் என்றாலும் எஸ்டிமேட் எகிறிவிடும். செப்டிக் டேங்கையே இடம் மாற்ற வேண்டும் என்றால் என் பதில், வேண்டாம்.

பக்கத்து அறையின் ஜன்னலையும் பாருங்கள். புதுச் சுவர் அதை மறைத்தால் அந்த அறை பகலிலும் விளக்கு போடும் அறையாகிவிடும்.

அனுமதி

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது மனையின் அளவு, சாலை அகலம், கட்டட உயரம் இவற்றைப் பொறுத்தது. முதல் வேலையாக வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தேடி எடுங்கள். அதில் பின்பக்கம் விட வேண்டிய இடமாகக் காட்டியிருப்பதும் நீங்கள் கட்ட நினைப்பதும் ஒரே இடமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "எல்லாரும் கட்டியிருக்காங்க" என்பது பதிலாகாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு கொடுத்தால் போதும்.

2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதனால் இடம் விடும் விதி தளர்ந்துவிடவில்லை. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டு விரிவாக்கத்துக்கு எந்த வழியில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். அனுமதியோடு கட்டியபின் பரப்பு கூடியதை உள்ளாட்சி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், அரையாண்டு சொத்துவரி கொஞ்சம் ஏறும்.

அடுக்குமாடி வீடு என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன்: பால்கனியைச் சமையலறையோடு சேர்க்க வேண்டாம். அந்தச் சுவரும் வெளிப்புறமும் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பால்கனித் தளம் அலமாரியும் கருங்கல் மேடையும் தாங்கப் போட்டதாகவும் இருக்காது.

வீடு எப்படி நிற்கிறது?

பழைய வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாமல், சுவரே கூரையைத் தாங்கும் கட்டு. சமையலறையின் வெளிச்சுவர்தான் மேலே உள்ள தளத்தைத் தாங்குகிறது. அதைப் பத்தடிக்கும் முழுதாக எடுக்க வேண்டும் என்றால் மேலே ஒரு பீம் போட்டு, எடையை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். மாடி இருந்தால் இன்னும் கவனம். இரண்டு ஓரத்திலும் இரண்டடி சுவரை விட்டுவிட்டு நடுவில் ஆறடி மட்டும் திறப்பது செலவும் குறைவு, பயமும் குறைவு. அந்த இரண்டடித் துண்டுச் சுவரில் மசாலா அலமாரி வைத்துக்கொள்ளலாம். எது என்றாலும் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டுங்கள். அவர் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சின்னப் பங்குதான்.

பழசும் புதுசும் சேரும் இடத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னால் வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு கோட்டில்தான் பிறக்கின்றன. பழைய அஸ்திவாரம் முப்பது வருடமாக அழுந்தி நிலைத்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் அழுந்தும். களிமண், கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். இரண்டையும் செங்கல்லோடு செங்கல் கோத்துச் சேர்த்துக் கட்டி மேலே பூசினால், அடுத்த கோடையில் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக முடி போல ஒரு கோடு தெரியும், வருடா வருடம் அது விரியும். இத்தகைய மண்ணில் இரண்டையும் தனித்தனியாக நிற்கவிட்டு, நடுவில் ஒரு இடைவெளி கொடுத்து, நெகிழ்ந்துகொடுக்கும் பூச்சால் அடைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கெட்டி மண்ணில் சேர்த்துக் கட்டினாலும், பூசும் முன் சேருமிடம் முழுக்கக் கோழிவலையை ஆணியடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். அஸ்திவாரக் குழியைப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவிடாதீர்கள். பழைய சுவர் அடியில் பிடிப்பு இல்லாமல் போய்விடும்.

கூரையிலும் இதே கதைதான். பழைய சுவரில் வழியும் மழைநீர் புதுத் தளம் சேரும் இடத்தில் நின்றால் உள்ளே கசியும். பழைய சுவரில் நீளமாக ஒரு காடி (பள்ளக் கோடு) வெட்டி, நீர்த்தடுப்புப் பூச்சை அதற்குள் மடக்கி ஏற்றி, தளத்துக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். எஸ்டிமேட்டில் இது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

வீட்டுத் தரை கொல்லையைவிட இரண்டடி உயரமாக இருந்தால் மண் கொட்டி நிரப்ப வேண்டிவரும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து நிரப்பச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் கொட்டி மூடினால் இரண்டாவது வருடம் டைல்ஸ் இறங்கும்.

காற்றுக்கு ஒரு கணக்கு: ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்பது கட்டட விதித்தொகுப்பின் அளவு. பத்துக்குப் பதின்மூன்று அறைக்கு அது ஏறக்குறைய 22 சதுர அடி. ஒரே ஜன்னலில் வராது. இரண்டு ஜன்னலும் மேலே ஒரு வெண்டிலேட்டரும் திட்டமிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே கீழ்மட்டத்திலும் ஒரு காற்றுத்துளை வேண்டும்.

வாஸ்து பார்க்கும் வீடு என்றால் அதையும் இப்போதே பேசி முடியுங்கள். அடுப்பு அக்னி மூலையில் இருந்து நகர்கிறதா என்பதை ஜன்னல் வைத்தபின் கேட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பணம்: மேஸ்திரி சொன்ன தொகையும் முழுத் தொகையும்

பத்துக்கு ஆறு, அறுபது சதுர அடி. "சதுர அடி 2,500 போட்டா ஒன்றரை லட்சம்" என்று ஒரு கணக்கு வரும். இதை உடைத்துப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு: சின்ன வேலைக்குச் சதுர அடி விலை கூடத்தான் செய்யும். ஆள் வருவதும் ஜல்லி இறக்குவதும் அறுபது அடிக்கும் அறுநூறு அடிக்கும் ஒரே சிரமம். 3,000 என்று வைத்தால் 1,80,000. பழைய சுவரை உடைக்க, பீம் போட, இடிபாடு அள்ள 50,000. கழிவுநீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் மாற்ற 35,000. வயரிங் 25,000. டைல்ஸும் மேடைக் கல்லும் 80,000. பழைய பகுதியின் டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது என்பதால் பெரும்பாலும் முழு அறைக்கும் புதிதாகப் போடுவீர்கள். அலமாரி 70 சதுர அடி, அடிக்கு 1,600 என்றால் 1,12,000. ஜன்னல், கிரில், கதவு, எக்ஸாஸ்ட் 40,000.

கூட்டினால் 5,22,000. எதிர்பாராததற்கு 15 சதவீதம், அதாவது 78,300 சேருங்கள். மொத்தம் ஆறு லட்சம். ஒன்றரை லட்சம் என்று ஆரம்பித்த பேச்சு இது. மேஸ்திரி பொய் சொல்லவில்லை, அவர் சொன்னது கட்டும் கூலியும் சாமானும் மட்டும். மீதி எல்லாம் "அது உங்க சாய்ஸ் சார்" என்ற கணக்கில் வரும்.

கையில் இருக்கும் எஸ்டிமேட் பழையதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் போட்ட கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள்.

கடன் வாங்குவதானால், ஏற்கெனவே வீட்டுக்கடன் உள்ள வங்கியில் டாப்-அப் (அதே கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) கேட்டுப் பார்ப்பது தனிநபர் கடனைவிடப் பொதுவாக மலிவு. ஐந்து லட்சம், 9 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,335. வட்டி மட்டும் 2,60,000. நகைக்கடன் வைத்துச் சமையலறை கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குறுகிய காலத்தில் திரும்பும் பணத்துக்குத்தான் அது பொருந்தும், இந்தப் பணம் திரும்பாது. வரிச்சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம்: சொந்தக் குடியிருப்பைப் புதுப்பிக்க வாங்கும் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு, புதிய முறையில் அதுவும் இல்லை. ஆனால் பில்களைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் வீட்டை விற்றால் மேம்பாட்டுச் செலவாக மூலதன ஆதாயக் கணக்கில் காட்டலாம்.

தகுமா என்ற கணக்கு

விற்கும் விலையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நம் ஊரில் தனி வீடு வாங்க வருபவர் முதலில் கேட்பது மனை எத்தனை சதுர அடி, ரோடு எத்தனை அடி, தண்ணீர் எப்படி என்பதுதான். விலையின் பெரும்பகுதி மண்ணுக்கு. கட்டடம் பழையதாக ஆக அதன் மதிப்பு குறையும். முப்பது வருட வீட்டை வாங்குபவர் இடித்துக் கட்டுவதற்காகவே வாங்கலாம். வாங்குபவர் கடனுக்குப் போனால் வங்கி மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பைத்தான் கணக்கில் எடுப்பார். அனுமதியில்லாத விரிவாக்கம் விலையை ஏற்றாது, சில சமயம் கடனையே சிக்கலாக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் சமையலறையைப் பெரிதாக்கினால் வீட்டு விலை கூடும் என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கை இங்கே போடக் கூடாது.

மிஞ்சுவது பயன்பாடு. ஆறு லட்சத்தைப் பதினைந்து வருடத்துக்கு வகுத்தால் வருடம் 40,000, நாளுக்கு ஏறக்குறைய 110 ரூபாய். கடன் வட்டியையும் சேர்த்தால் 157. காலையும் மாலையுமாக மூன்று நான்கு மணி நேரம் ஒருவர், பண்டிகை என்றால் மூன்று பேர் நிற்கும் இடத்துக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் தகுமா? ஐந்தாறு பேர் உள்ள, மூன்று வேளையும் வீட்டில் சமைக்கும் குடும்பத்துக்கு, என் பார்வையில், தாராளமாகத் தகும். முட்டிவலியோடு நிற்கும் அம்மா உட்கார்ந்து காய் நறுக்க ஒரு இடம் கிடைக்கும் என்றால் அதற்கு மேல் கணக்குப் பார்க்கவும் எனக்கு மனம் வராது.

அதே ஆறு லட்சம், பிள்ளைகள் இரண்டு வருடத்தில் வெளியூர் போகப்போகும் வீட்டில் வீண். ஐந்தாறு வருடத்தில் மொத்தமாக இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தாலும் வேண்டாம். நாளொன்றுக்கு 110 என்பது 300 அளவுக்குப் போய்விடும். வருடத்தில் பாதி நாள் பிள்ளை வீட்டில் இருக்கும் வயதான தம்பதிக்கு, மேடை உயரத்தைச் சரிசெய்து, வழுக்காத தரையும் நல்ல வெளிச்சமும் போட்டுக் கொடுத்தாலே போதும். மேலே மாடி எடுக்கும் யோசனை இருந்தால், முதலில் அதன் வரைபடத்தைப் போட்டு, அஸ்திவாரத்தை அதற்கேற்ப அமைத்துவிட்டுத்தான் சமையலறை.

கட்டுவது என்று முடிவானால்

பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அஸ்திவாரக் குழி தோண்டியபின் மழை பிடித்தால் ஒரு மாதம் போய்விடும். "ஒரு மாசம்" என்பதை இரண்டரை மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: வெளியே அஸ்திவாரம், சுவர், கூரை, குழாய், வயரிங் எல்லாம் முடியும்வரை பழைய சுவரை உடைக்கக் கூடாது. அதுவரை வீட்டில் அடுப்பு வழக்கம்போல எரியும். கடைசியில் பீம் போட்டு, அது இறுகியபின் உடைத்து, தரையும் மேடையும் போட இரண்டு மூன்று வாரம் மட்டும் மாற்று ஏற்பாடு செய்தால் போதும். இந்த ஒரு வரி இல்லாததால், முதல் நாளே சுவரை உடைத்து, தார்ப்பாய் கட்டி, புழுதியில் இரண்டு மாதம் சமைக்கும் குடும்பங்கள் நிறைய.

கலப்புச் சிமென்டில் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) போட்ட தளத்துக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும். மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் நான்கையும் ஒரே பிளக்கில் மாற்றி மாற்றிச் சொருகாமல் இருக்க, மேடை மேல் பவர் பாயிண்டுகளைத் தாராளமாகப் போட்டு, தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். அடுப்பை இடம் மாற்றும்போது ரப்பர் குழாயின் தேதியைப் பாருங்கள், ஐந்து வருடம் ஆகியிருந்தால் புதிது மாற்றிவிடுங்கள்.

பணத்தை அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு, ஒப்படைப்பு என்று தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். முன்பணம் பெரிதாக வேண்டாம். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் புதுத் தளத்தின் மழைநீர்க் குழாயை அடைத்து, விளிம்பில் சிமென்டால் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும். உள்ளே வந்து பழைய சுவரும் புதுத் தளமும் சேரும் கோட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சரிசெய்துவிட்டு மறுபடி தேக்கச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம்.